பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு டயர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2012-ல் வாங்கிய ஹோண்டா சிபிஆர் 250ஆர். கோயம்புத்தூரில் இருக்கிறேன், மாதம் ஒரு முறையாவது வால்பாறை, கோத்தகிரி, ஊட்டி என்று ஏதாவது ஒரு மலையில் ஏறி இறங்குகிற ஆள். இப்போது ஓடுவது நான்காவது ஜோடி டயர். அதில் ஒரு ஜோடி முழுக்க முழுக்க என் தவறான தேர்வு. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் பைக் என்று நான் சொல்வது நம் ஊரில் பத்து, பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கரிஸ்மா, பல்சர் 220, ஆர்15-ன் முதல் இரண்டு தலைமுறை, நிஞ்ஜா 250ஆர், சிபிஆர் 250ஆர் வகையறா.

பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர் மேடு) இன்னும் நிறைய இருக்கிறது. அப்புறம் எதற்கு மாற்றச் சொல்கிறீர்கள்?

பழைய வண்டியில் பெரும்பாலும் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற வண்டியில் எட்டு வருடம் கழித்தும் பட்டன் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பருக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை மெல்ல வெளியேறி, வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது இறுகிக்கொண்டே போகும். டயர் ஓடும்போது மடங்கி நிமிர்வதால்தான் ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு மேல்பரப்புக்கு வருகிறது, அதனால் சும்மா நிற்கும் வண்டியின் டயரில்தான் சீக்கிரம் வெடிப்பு விழும். கட்டைவிரல் நகத்தால் பட்டனின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி, விட்டதும் மெதுவாக நிமிரும். கெட்டுப்போனது பழைய செருப்பின் அடிப்பாகம் போலக் கட்டையாக இருக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலும் சைடு வாலிலும் (டயரின் பக்கச் சுவர்) முடி போன்ற வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தேய்மானத்துக்கு அளவு, பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு. சைடு வாலில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்றோ ஒரு முக்கோணக் குறியோ இருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர்தான் கடைசிக் கோடு. அந்த மேடு பட்டனோடு சமமாகும் வரை காத்திருக்காதீர்கள், மழைக்காலத்துக்கு முன் 2 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம்.

டயர் எந்த வருடத்தது என்று எங்கே பார்ப்பது?

சைடு வாலில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு அது செயின் பக்கமோ டிஸ்க் பக்கமோ போய்விட்டால் டார்ச் அடித்துக் குனிந்துதான் தேட வேண்டும். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, அதைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் செடி வையுங்கள்.

பொதுவாக டயர் கம்பெனிகள் சொல்வது: ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை சோதியுங்கள், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில், அதுவும் மொட்டை வெயிலில் நிறுத்தும் வண்டிக்கு, பத்து ரொம்ப அதிகம். நான் ஆறு வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாக வாங்கும்போது ஒரு வருடத்துக்குள் செய்தது என்றால் நல்லது. நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த இரண்டு வருட டயர் கெட்டுப்போய்விடாதுதான், ஆனால் அதற்குப் புது டயர் விலை கொடுக்காதீர்கள்.

110/70-17 54எஸ் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, இதில் எது முக்கியம்?

எல்லாமே. 110 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடு வாலின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 54 என்பது எடை தாங்கும் குறியீடு, 212 கிலோ என்று அர்த்தம். எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கிலோமீட்டர். பி என்றால் 150, டி என்றால் 190, எச் என்றால் 210. நடுவே ஆர் இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் பயாஸ், இரண்டுக்கும் வித்தியாசம் கீழே சொல்கிறேன்.

எடையும் வேகமும் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடலாம், குறையக் கூடாது. "நான் 150-ல் எங்கே போகப் போகிறேன்" என்பார்கள். வேகக் குறியீடு என்பது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான அளவும்தான். மே மாத மத்தியானம், பின்னால் ஆள், சேலம் பைபாஸ், டயரில் காற்று கொஞ்சம் குறைவு என்று எல்லாம் சேரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பின்னால் இன்னும் அகலமான டயர் போடலாமா? பார்க்க கெத்தாக இருக்குமே.

என் தவறான தேர்வு என்று மேலே சொன்னேனே, அது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிபிஆர் 250ஆர்-க்கு பின்னால் கம்பெனி கொடுத்தது 140/70-17, ரிம் அகலம் 4 அங்குலம். நான் 150/60-17 போட்டேன். உள்ளே போனது, எங்கும் உரசவில்லை, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. கணக்குப் போடுங்கள்: 140-ல் 70 சதவீதம் 98, 150-ல் 60 சதவீதம் 90. அகலம் கூடிய டயர் உயரத்தில் 8 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. அந்த அளவுக்கு வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது, முன் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) கொஞ்சம் சாய்ந்த மாதிரி ஆகிறது, வண்டி திரும்பச் சோம்பல் படுகிறது. ஆழியாரிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் பார்வையைத் திருப்பினாலே வண்டி தானாகப் படுக்கும். அந்த டயரோடு போனபோது ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது, மேலே போய்ச் சேர்ந்தபோது தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

அதோடு, அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, டயர் நடுவில் கூம்பிப் போகும். நேராக ஓடும்போது தரையில் படும் ரப்பர் கூடுவதற்குப் பதில் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. சுற்றளவு மாறினால் கியர் பாக்ஸ் பக்கமிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் மீட்டர் பொய் சொல்லும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் வசதி) இருந்தால் முன் பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடும் கணக்கும் இடிக்கும். அகலமான டயர் எடையும் கூடுதல், 25 குதிரைத் திறன் வண்டிக்கு அதுவே பாரம்.

பல்சர் 220-க்கு (முன்னால் 90/90-17, பின்னால் 120/80-17) 140/60 போடுகிறவர்கள் உண்டு. விட்டம் 624-லிருந்து 600 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது, சைடு ஸ்டாண்ட் போட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயப் பார்க்கும். ஆர்15-ன் முதல் தலைமுறையில் பின்னால் 100/80-17 இருந்ததைப் பார்த்து எல்லோரும் கிண்டல் செய்தார்கள், யமஹாவும் 2011-ல் 130/70-க்கு மாற்றியது. ஆனால் டயரை மட்டும் மாற்றவில்லை, ரிம்மையும் ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சேர்த்தே மாற்றியது. நீங்களும் அப்படிச் செய்யத் தயார் என்றால் சரி.

ரேடியல் போடுவதா, பயாஸ் போடுவதா?

பயாஸ் டயரில் உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும், பாய் பின்னுவது போல. ரேடியலில் அந்த நூல்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும், பட்டனுக்குக் கீழே தனியாக ஒரு பட்டை சுற்றியிருக்கும். அதனால் ரேடியலின் சைடு வால் இளகலாகவும் தரையில் படும் பகுதி விறைப்பாகவும் இருக்கும். சூடும் குறைவு. மலைப்பாதையில் வளைவுக்கு நடுவில் சின்னச் சின்ன மேடு பள்ளம் வந்தால் வண்டி துள்ளாமல் போவது அதனால்தான்.

இதற்காக எல்லா வண்டிக்கும் ரேடியல்தான் என்று சொல்லமாட்டேன். கரிஸ்மா போல 18 அங்குலமும் குறுகிய ரிம்மும் உள்ள வண்டிக்கு அந்த அளவில் ரேடியல் தேடி அலைவது வீண், நல்ல பயாஸ் டயரே போதும். 17 அங்குல வண்டியில் உங்கள் அளவிலேயே ரேடியல் கிடைத்தால் இரண்டு பக்கமும் ரேடியலாகப் போடுங்கள். கலப்பதானால் ஒரே ஒரு விதத்தில்தான்: முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல். ஆர்15-ன் இரண்டாம் தலைமுறை கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது, முன்னால் 90/80-17 பயாஸ், பின்னால் 130/70 ஆர்17. தலைகீழாக, முன்னால் ரேடியலும் பின்னால் பயாஸும் போட்டால் வேகத்தில் வண்டியின் வால் ஆடும். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாதுங்க" என்றாலும் வேண்டாம்.

எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனிக்குள்ளேயே சாதா டயரும் உண்டு, பிடிப்பு டயரும் உண்டு. எம்.ஆர்.எஃப்-ல் ஸாப்பர் வேறு, ரெவ்ஸ் வேறு. டிவிஎஸ் யூரோகிரிப் (மதுரைக்காரர்கள்தான்) புரோடார்க் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள், அப்பல்லோவில் ஆல்ஃபா, சியட்டில் ஸ்போர்ட்ராட், மிஷெலினில் பைலட் ஸ்ட்ரீட், பிரெல்லியில் டயாப்லோ ரோஸ்ஸோ. உங்கள் அளவில் எது வருகிறது என்று முதலில் பாருங்கள், பாதிப் பெயர்கள் அங்கேயே அடிபட்டுவிடும்.

மிச்சமிருப்பதில் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். தினமும் அலுவலகம், மாதம் ஒரு தடவை ஊருக்கு என்றால் மெத்தென்ற ரப்பர் வாங்குவது காசைத் தரையில் தேய்ப்பதுதான், பின் டயர் 12,000 கிலோமீட்டரில் நடுவில் தட்டையாகிவிடும். கொஞ்சம் இறுக்கமான சுற்றுலா வகை டயர் அதே வண்டியில் எனக்கு 20,000-ஐத் தாண்டி ஓடியிருக்கிறது. மலையும் மழையும்தான் உங்கள் வாழ்க்கை என்றால் மெத்தென்றதை வாங்கி, தேய்மானத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரட்டை ரப்பர் டயர்கள் இருக்கின்றன, இரண்டு விதமாகவும் ஓட்டுகிறவருக்கு அதுதான் பொருத்தம். எனக்கு மழைப் பிடிப்புதான் முதல் அளவுகோல். காய்ந்த ரோட்டில் இந்த வண்டிகளின் சக்திக்கு எந்த நல்ல டயரும் போதும், நவம்பர் மழையில் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் பிரேக் தொட்டபோதுதான் நான் மழையில் பிடிக்கும் டயருக்கும் பிடிக்காத டயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டேன்.

வெளிநாட்டு டயர் முன்பு கிடைத்ததே, இப்போது ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, மோட்டார் சைக்கிள் டயரும் அதில் உண்டு. அதிலிருந்து உரிமம் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஆகவே சில அளவுகள் சில மாதம் வரும், சில மாதம் வராது. அப்படிக் காத்திருந்து கடைசியில் கிடைத்த டயர் இரண்டு வருடம் பழையது என்று நொந்துகொண்ட நண்பர் எனக்கு இருக்கிறார். ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரிபாருங்கள்.

பின் டயர் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

முன் டயர் வயதாகாமல், ஒழுங்காகத் தேய்ந்திருந்தால் போதும். முன்னது ஒன்று தேய்வதற்குள் பின்னது இரண்டு தேய்வது சகஜம். ஆனால் அதே கம்பெனி, அதே மாடல் போடப் பாருங்கள். டயரின் குறுக்கு வளைவு மாடலுக்கு மாடல் மாறும். முன்னது கூர்மையாகவும் பின்னது தட்டையாகவும் இருந்தால் முன் சக்கரம் படுக்கும் வேகத்துக்குப் பின் சக்கரம் வராது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, இரண்டுமே சுமார் என்றால்? முன் டயர். பின்னால் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்னால் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

என்னுடையது பழைய கரிஸ்மா. டியூப் போட்ட வண்டி. ட்யூப்லெஸ் டயர் போடலாமா?

முதல் கரிஸ்மாவுக்கு (2003) முன்னால் 2.75-18, பின்னால் 100/90-18, டியூப் டயர். ட்யூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டலாம், தப்பில்லை, ஆனால் அது டியூப் டயராகத்தான் நடந்துகொள்ளும். பஞ்சரானால் காற்று உடனே இறங்கிவிடும். ரிம் ட்யூப்லெஸ்ஸுக்காகச் செய்யப்படாதது என்றால் டியூபை எடுத்துவிட்டு வெறும் வால்வு மாட்டி ஓட்டுவது ஆபத்து. டயரின் ஓரத்தைப் பிடித்து வைக்கும் மேடு அந்த ரிம்மில் இருக்காது, காற்று குறைந்தால் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

அங்குல அளவில் கிடைக்கவில்லை என்றால் 2.75-18-க்குப் பதில் 80/100-18 போடலாம். அதைவிடப் பழைய ஆர்டி 350 பைக் வைத்திருப்பவர்களுக்கு 3.00-18-க்கு 90/90-18, 3.50-18-க்கு 100/90-18. கம்பி வீல் என்றால் புது டியூபும் புது ரிம் பட்டையும் சேர்த்தே வாங்குங்கள், பழைய பட்டையில் கம்பி முனை துருத்தி டியூபைக் குத்தும்.

ரேஸில் ஓடிய டயர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை, கரி ஸ்பீட்வே போன்ற ரேஸ் டிராக்கில் ஓடிய டயர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். ரோட்டில் அந்தச் சூடு வரவே வராது. ஒவ்வொரு தடவை சூடேறி ஆறும்போதும் அதன் பிடிப்பு கொஞ்சம் செத்திருக்கும். பெரிய வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய டயரும் அப்படித்தான், உள்ளே ஒட்டுப் போட்டிருப்பது மாட்டிய பிறகு வெளியே தெரியாது.

கடையில் மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டீ குடிக்கப் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். ஒரு கடையில் என் முன் டயரை மாட்டிக் காற்றடித்து, வீலை வண்டியில் ஏற்றி, பில்லும் போட்டுவிட்டார்கள். கிளம்பும்போது எதேச்சையாகக் குனிந்தேன், சைடு வாலில் உள்ள அம்புக்குறி வண்டியின் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. சில டயர்களில் முன்னுக்கு ஒரு அம்பு, பின்னுக்கு எதிர்த்திசையில் இன்னொரு அம்பு, பக்கத்தில் சின்ன எழுத்து. அந்தப் பையன் பின் அம்பைப் பார்த்து முன் வீலில் மாட்டிவிட்டான். திரும்பக் கழற்றச் சொன்னபோது கடைக்காரருக்கு முகம் சரியில்லை. பரவாயில்லை.

அம்பு சரியா பாருங்கள். சைடு வாலில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம், வால்வுக்கு நேராக வரவேண்டும். ட்யூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், டயர் விலையில் அது ஒரு பொருட்டே இல்லை. கடப்பாரை மாதிரி இரும்பை வைத்து அலாய் வீலை நெம்புகிற கடையைத் தவிர்த்து, மெஷின் உள்ள கடைக்குப் போங்கள். காற்றடிக்கும்போது டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் "டப்" சத்தம் இரண்டு தடவை கேட்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. பிறகு ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று வீலைச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பாலன்ஸ் பண்ணும் வசதி இருந்தால் பண்ணிவிடுங்கள். கடைசியாக ஆக்ஸில் நட்டும் பிரேக்கும். முன் பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பாருங்கள், வீலைக் கழற்றி மாட்டிய பின் முதல் அழுத்தலில் லீவர் ஹேண்டில் வரை போகும், அதை ரோட்டுக்கு வந்து கண்டுபிடிக்காதீர்கள்.

புது டயர் வழுக்குமா?

வழுக்கும். மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டுங்கள். மழை நாளில் புது டயர் மாட்டாமல் தப்பிக்க முடிந்தால் நல்லது. பளபளப்புக்காகப் பாலிஷ் அடிக்கும் வாட்டர் வாஷ் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டயர் பக்கம் வரவே கூடாது.

காற்று எவ்வளவு?

செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும், இல்லை என்றால் கையேட்டில் இருக்கும். டயரின் சைடு வாலில் போட்டிருப்பது அது தாங்கும் அதிகபட்ச அளவு, அதை வைத்து அடிக்காதீர்கள். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி மோசம் போனது போதும் என்று நான் சொந்தமாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். 10 டிகிரி சூடு கூடினால் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏறும், சூடான டயரில் அளந்து காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை குறைவாகத்தான் இருக்கும்.

ஊட்டிக்குப் போகும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இரண்டரை, மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும்தான். ஆனால் மேட்டுப்பாளையம் புழுக்கத்திலிருந்து ஊட்டிக் குளிருக்குப் போகும்போது ஏறக்குறைய அதே அளவு இறங்கியும்விடும். கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசம் என்றால் அடித்துக்கொள்ளுங்கள்.

புது டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் போட்டு ஓட்டலாமா?

பட்டன் பகுதியில் சின்ன ஓட்டை என்றால் வெளியிலிருந்து ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து வீடு வந்து சேரலாம். அப்புறம் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போடச் சொல்லுங்கள், அதுதான் நிரந்தரம். சைடு வாலிலோ ஓரத்திலோ குத்தியிருந்தால் டயர் போச்சு, மூன்றே நாள் ஆன டயராக இருந்தாலும்.

புது டயர் போட்டும் வண்டி ஆடுகிறது. டயர் டூப்ளிகேட்டா?

டயரைத் திட்டுவதற்கு முன் வண்டியின் வயதை நினைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல லேசாகப் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போய்விட்டது. போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் "டக் டக்" என்றாலும் அதேதான். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருந்தால் கையில் தெரியும். வீலைச் சுற்றிவிட்டு ஒரு பென்சிலை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால் பெண்ட் இருப்பது கண்ணுக்கே தெரியும், நம் ரோட்டுக் குழிகளில் பத்து வருடம் ஓடிய அலாய் நேராக இருந்தால்தான் அதிசயம்.

தேய்ந்த பழைய டயரில் இதெல்லாம் மறைந்திருக்கும். நல்ல டயர் வந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். என் வண்டியில் கோன் செட் மாற்றிய பிறகுதான் மூன்றாவது ஜோடி டயர் எவ்வளவு நல்லது என்று எனக்கே தெரிந்தது. அதுவரை டயர் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியை மாதக்கணக்கில் எடுக்கமாட்டேன். டயரை எப்படிப் பாதுகாப்பது?

சென்டர் ஸ்டாண்ட் அல்லது பேடக் ஸ்டாண்டில் (சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) ஏற்றி வையுங்கள், இல்லை என்றால் வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் தட்டையாகும். வெயில் படாத இடமாகவும், தரையில் பெட்ரோல், ஆயில் சிந்தாத இடமாகவும் பாருங்கள். இன்வெர்ட்டர், மோட்டார் போல மின்பொறி பறக்கும் கருவிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை அரிக்கும்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடலாமா?

விடலாம், வீட்டுக்குக் கொண்டுவந்து மழைத் தண்ணீர் தேங்கவிட்டால் கொசுதான் வளரும். ஆனால் விடுவதற்கு முன் அதை ஒரு நிமிடம் உருட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் தட்டையாக இருந்தால் பைபாஸ் ஓட்டம் அதிகம், அல்லது காற்று கூடுதல். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். பின் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் செயின் அட்ஜஸ்டரின் இரண்டு பக்கக் கோடும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், வீல் கோணலாக நிற்கிறது. முன் டயரைக் கையால் தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால், அல்லது கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால், போர்க் ஆயிலையும் கோன் செட்டையும் பார்த்துவிட்டுப் புது டயரை மாட்டச் சொல்லுங்கள்.